எல்க் மானுக்குப் பின்னால் போன தம்பிக்கு

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
26 செப்டெம்பர் 2023

என் அன்பு மகன் ஜெரோசனுக்கு,

அப்பா சுகமாக லண்டன் வந்து சேர்ந்தேன். மானம் மட்டும் விம்பிள்டனில் போய்விட்டது. அம்மா எழுதினால் நாலு மடங்காக எழுதுவா என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

கரடியிடம் அகப்படாமல் நான் திரும்பி வந்ததற்குப் பிள்ளையாருக்கு ஓர் அர்ச்சனை என்று ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை விம்பிள்டன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனா. குளிராக இருந்தது. மலையில் போட்ட அதே ஜக்கெற்றை மாட்டிக்கொண்டேன். மனித வாடை மானுக்கு எட்டக்கூடாதென்று உன் வழிகாட்டி வோல்டர் ஒரு போத்தலில் இருந்து அதில் என்னவோ அடித்தாரே, அது பெண் எல்க்கின் மூத்திரம் என்பது எனக்கு அடியோடு மறந்துபோய்விட்டது. ரெயினில் பக்கத்தில் இருந்த பெடியன் எழும்பி அங்கால் போனான். வயது போன மனிசன் வசதியாக இருக்கட்டும் என்று எழும்புகிறான் என நினைத்து நன்றி சொன்னேன். கோயிலுக்குள் ஹீற்றர் சூட்டில் வாடை கிளம்பியது பார், சாம்பிராணி தோற்றுப்போனது. ஐயர் மந்திரத்தை நடுவில் நிறுத்தி, "ஆருக்கும் குழந்தைக்கு நாப்பி மாத்த வேணுமெண்டால் அங்கால இடமிருக்கு" என்றார். எல்லாரும் ஒரு கைக்குழந்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அம்மா என்னைத் தெரியாத ஆள் மாதிரிப் பெண்கள் பக்கம் போய் நின்றா.

அந்த மலையில் போன் வேலை செய்யாது, கிழமைக்கு ஒருதரம் வோல்டரின் குதிரைகள்தான் கீழே நகரத்துக்குத் தபால் கொண்டுபோகும் என்று நீ சொன்னதால் பேனா எடுத்திருக்கிறேன். நான் கடைசியாக இவ்வளவு நீளமாக எழுதியது கலியாணத்துக்கு முன் அம்மாவுக்கு. அதில் இருந்த பிழைகளை அவ இன்னும் சொல்லிக்காட்டுகிறா.

பக்கத்து வீட்டு நவரத்தினம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன இராசா, அறுபதாம் பிறந்தநாளுக்கு மகன் கனடாவில வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவனாம். இறைச்சி எங்க?"

"இறைச்சி என்னைப் பாத்திட்டுப் போட்டுது அண்ணை" என்றேன்.

பிறகு முழுக்கதையும் சொன்னேன். உனக்கும் எழுதுகிறேன், நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்ல வேணும். வோல்டர் பின்னால் ஒளிந்திருந்து, வாயில் ஒரு தகட்டை வைத்துப் பெண் மானைப் போலக் கூப்பிட்டார். நீ முன்னால் வில்லோடு. நான் நடுவில் பயத்தோடு. அது வந்தது. வாழ்நாளெல்லாம் லண்டன் பஸ் ஓட்டியவன் நான். அந்தக் கொம்பின் அகலம் என் பஸ்ஸின் முன்கண்ணாடி அகலம். பனிப்புகார் விலகி அதன் முகம் தெரிந்ததும், கோயிலில் திரை விலகி மணி அடித்தால் கை என்ன செய்யுமோ அதைத்தான் என் கை செய்தது. இரண்டும் தானாகத் தலைக்கு மேல் போய்க் கூப்பிக்கொண்டன. மான் அதைக் கண்டு உடம்பைத் திருப்பியது. உன் அம்பு அதற்குள் வில்லை விட்டுப் போய்விட்டது. பட வேண்டிய இடத்தில் படாமல் பின்னால் பட்டது.

வோல்டர் என்னை ஏசவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏசியிருக்கலாம்.

இரத்தத் துளிகள் ஆற்றங்கரையோடு நின்றுபோயின. எனக்கு ப்ளேன் இருந்தது, வந்துவிட்டேன். காயப்படுத்திய மிருகத்தைத் தேடி முடிக்காமல் மலையை விட்டு இறங்கக்கூடாது என்று நீ நின்றுவிட்டாய். அது நியாயம்தான். ஆனால் பிழை விட்டது என் கை, நின்று தேடுவது நீ. தம்பி, மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தீபாவளிக்கு வீட்டுக்கு வா. அம்மா உன் கட்டிலுக்கு அடிக்கடி துணி மாற்றுகிறா.

உன் அப்பா,
கிருஷ்ணராசா


வோல்டரின் முகாம், அல்பேர்ட்டா
7 ஒக்டோபர் 2023

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அப்பாவின் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடாரத்தில் இங்கிலிஷில் சொல்லிக் காட்டினேன். வோல்டர் சிரித்ததில் கோப்பி முழுவதும் மேசையில். அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். என் தமிழில் பிழை இருந்தால் நீங்கள் என்னை அனுப்பிய சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்.

உங்கள் கைக்காகக் கவலைப்படாதீர்கள் அப்பா. எனக்கும் அந்த முகத்தைக் கண்டதும் மூச்சு நின்றுவிட்டது. நானே பிந்தித்தான் அம்பை விட்டேன்.

கல்கரியில் கம்பனிக்கு எழுதி, வருட முடிவு வரை சம்பளமில்லா லீவு எடுத்திருக்கிறேன். இங்கே குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கிறேன், சட்டி கழுவுகிறேன். அதற்கு வோல்டர் சாப்பாடும் படுக்கையும் தருகிறார். மிச்ச நேரமெல்லாம் தேடுகிறேன். அது சாகவில்லை. செத்திருந்தால் அண்டங்காகங்கள் கூடியிருக்கும்.

ஆண் எல்க்குகள் கூவுகிற காலம் முடிந்துகொண்டு வருகிறது. ஆனாலும் ஆற்றுக்கு அப்பால் ஏதோ ஒன்று இன்னும் குரல் கொடுக்கிறது. முந்தாநாள் பின்னேரம் நான் தகட்டை வாயில் வைத்துப் பெண் மானைப் போலக் கூப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு அது இன்னும் சரியாக வராது, முடிகிற இடத்தில் குரல் இரண்டாக உடையும். அப்பாலிருந்து பதில் வந்தது. ஆண் மானின் கூவல் இல்லை. நான் கூப்பிட்ட அதே குரல். நான் உடைந்த இடத்திலேயே அதுவும் உடைந்தது.

எதிரொலி என்று நினைத்து, திரும்பக் கூப்பிடாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே கூப்பிட்டது. இந்தத் தரம் குரல் உடையவில்லை. என்னுடையதை விட நன்றாக இருந்தது.

வேறு வேட்டைக்காரர் யாராவது விளையாடுவார்கள் என்று வோல்டர் சொல்கிறார். ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு முகாம் இல்லை என்று சொன்னதும் அவர்தான்.

தீபாவளியைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. அம்மா கோபிக்க வேண்டாம்.

அன்புடன்,
ஜெரோ


ரெய்னர்ஸ் லேன்
17 ஒக்டோபர் 2023

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தில் பாதியைத்தான் அம்மாவுக்கு வாசித்தேன். மற்றப் பாதிக்கு நானே வானிலை அறிக்கை தயாரித்து வாசித்தேன். குளிர், காற்று, மறுபடி குளிர். அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "இஞ்சேருங்கோ, ரெண்டு பக்கமும் குளிரைப்பற்றியோ எழுதியிருக்கிறான்?" என்றா. "கனடாவெண்டால் அப்பிடித்தான்" என்றேன். ஓ-லெவலில் கணக்கை இரண்டு தரம் கோட்டை விட்டவனுக்குப் பொய் மட்டும் எப்படி ஒழுங்காக வரும்.

ஆற்றுக்கு அப்பால் நின்று உன்னைப் போலக் கூப்பிடுவது வேலைவெட்டி இல்லாத யாரோ ஒரு வெள்ளைக்காரன். இப்படித்தான் எங்கள் டிப்போவில் ஒருவன், மனேஜரின் குரலில் எனக்குப் போன் எடுத்து, லீவு நாளில் என்னை வரவழைத்தான். நானும் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். குரலை நம்பினால் அப்படித்தான். நீ அதற்குப் பின்னால் திரியாதே.

லூயிஷாமில் ஒரு பிள்ளை இருக்கிறாவாம், பல் வைத்தியர். தாயும் தகப்பனும் சிவன் கோயிலில் அம்மாவைச் சந்தித்துக் கதைத்திருக்கிறார்கள். உன் படத்தைக் கேட்டார்களாம். உன்னிடம் இருந்து கடைசியாக வந்த படத்தில் நீ முகத்துக்குப் பச்சை மை பூசி, தலையில் இலை குத்திக்கொண்டு நிற்கிறாய். அதையா கொடுப்பது? அம்மா உன் பட்டமளிப்புப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறா. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கப் போறாவாம், நீ வீடு வர வேணுமென்று. அதனால் அந்த ஆறு நாளும் எனக்கும் மரக்கறி. எனக்காகவாவது வா.

என் ஜக்கெற் இன்னும் பின்வளவில் கொடியில் தொங்குகிறது. நவரத்தினம் அண்ணையின் நாய் அதைப் பார்த்து ஊளையிடுகிறது. "இராசா, அது சட்டையைப் பாத்துக் கத்தேல்லை, சட்டைக்குப் பின்னால பாத்துக் கத்துது" என்கிறார் அவர். பின்னால் ரெயில் பாதையைத் தவிர ஒன்றும் இல்லை. எழுதி முடித்ததும் போய் அதைக் கழற்றிவிடுகிறேன்.

மானை விடு தம்பி. அது உன்னை மன்னித்திருக்கும். என்னைத்தான் மன்னித்திராது.

அப்பா


வோல்டரின் முகாம்
22 ஒக்டோபர் 2023

அன்புள்ள அப்பா,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. இது உங்களுக்கு மட்டும். அம்மாவுக்குக் குளிரைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுங்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் நான் ஆற்றங்கரையில் இருந்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. மரங்களுக்குள்ளிருந்து ஒருவர், "தம்பி, காணும். வா வீட்டை போவம்" என்றார். அது உங்கள் குரல் அப்பா. உங்களைப் போல என்று எழுதவில்லை, உங்கள் குரல். 'காணும்' என்று சொல்லிவிட்டு நீங்கள் தொண்டையைச் செருமுவீர்களே, அந்தச் செருமலும் இருந்தது. நான் எழும்பி இரண்டு மூன்று அடி போய்விட்டேன். பிறகுதான் நீங்கள் லண்டனில் இருக்கிறீர்கள் என்று நினைவு வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதே வசனம். வேறு ஒன்றும் சொல்வதில்லை. கோபமாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. குளிருகிறது, போதும், போகலாம் என்று சலித்துக்கொள்கிற மாதிரி.

நேற்று வோல்டர் கூடாரத்துக்குள் வந்து, எதற்காக ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய் என்று என்னைக் கேட்டார். நான் அவ்வளவு நேரமும் அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். சமையல்காரர் சாட்சி. வோல்டர் என் ஈரக் கையைப் பார்த்தார். பிறகு போய்க் குதிரைகளை முகாமுக்குக் கிட்டக் கட்டினார். நாங்கள் பெண் மானின் குரலில் பொய் சொல்லி மானை வரவழைக்கிறோம், அதை யாரோ பார்த்துப் பழகிவிட்டார்கள் என்று சாப்பிடும்போது சொன்னார். பகிடியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நீங்கள் இங்கே நின்ற நாட்களில் காட்டுக்குள் தனியாக யாரோடாவது தமிழில் கதைத்தீர்களா? எனக்கு அந்த வசனத்தை நீங்கள் இங்கே சொன்னதாக நினைவில்லை.

அன்புடன்,
ஜெரோ


ரெய்னர்ஸ் லேன்
3 நவம்பர் 2023

அன்பு மகனுக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், சிரிக்காதே.

கடைசி நாளுக்கு முதல் நாள், நீங்கள் இருவரும் மேட்டில் இருந்து தூரக்கண்ணாடியால் தேடிக்கொண்டிருந்தபோது, நான் ஒதுங்கப் போனேன். எத்தனை அடுக்கு உடுப்பு என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு சிப்பாகத் திறந்து விஷயத்துக்கு வருவதற்குள் கை விறைத்துவிட்டது. அப்போது மரத்துக்குப் பின்னால் "அப்பா" என்று கேட்டது. உன் குரல். "ஓம், நிக்கிறன்" என்றேன். மறுபடியும் "அப்பா." நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். எனக்கும் அந்தக் குளிரும் அந்த மானும் போதும் என்று ஆகிவிட்டது. "தம்பி, காணும். வா வீட்டை போவம்" என்றேன். சிப்பைப் பூட்டிக்கொண்டு வந்து பார்த்தால், நீ வோல்டரோடு அதே மேட்டில், அசையாமல் இருக்கிறாய். கேட்டால் கிழவனுக்குக் காதிலும் கோளாறு என்பீர்கள் என்று விட்டுவிட்டேன். கை கூப்பிய மரியாதை ஒன்றே போதும் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. நான் பதில் சொல்லியிருக்கக்கூடாது. வெளியால் யாரும் கூப்பிட்டால், ஆளின் முகத்தைக் காணாமல் ஓம் என்று சொல்லாதே என்று எங்களைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். லண்டனில் எல்லா வீட்டுக்கும் பெல் இருப்பதால் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் உன்னைக் கூப்பிடவில்லை. இந்தப் பேனாவால் எழுதுவது மட்டும்தான் நான். மரத்துக்குள் இருந்து எது என்ன சொன்னாலும் வாய் திறக்காதே, எழும்பாதே. மான் செத்தாலும் சரி பிழைத்தாலும் சரி, அடுத்த குதிரையோடு இறங்கு. கீழே வந்ததும் போன் எடு. ரிக்கெற்றுக்கு யோசிக்காதே, நான் பார்க்கிறேன். இந்தக் கடிதம் தீபாவளிக்கு முன் உன் கைக்கு வராது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா ஒரு சிவப்புத் தொப்பி பின்னியிருக்கிறா. துவக்குக்காரர் உன்னை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக்கூடாதாம். இன்று அதையும் தனிப் பார்சலாகப் போடுகிறேன். தலையில் மயிர் இல்லாத எனக்கு இத்தனை வருசத்தில் ஒரு தொப்பி பின்னவில்லை, எழுதி வைத்துக்கொள்.

வா தம்பி.

அப்பா


வோல்டரின் முகாம்
21 நவம்பர் 2023

அன்புள்ள அப்பா, அம்மா,

உங்கள் இரண்டு கடிதங்களும் தொப்பியும் ஒரே குதிரையில் வந்து சேர்ந்தன. பனியால் குதிரைகள் கீழே போக முடியாமல் நாலு கிழமையாகத் தபால் இல்லை. தொப்பி அளவாக இருக்கிறது. மடிப்புக்குள் அம்மா ஒளித்து வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தையும் கண்டேன். வோல்டர் அது என்ன மருந்து என்று மணந்து பார்த்துத் தும்மினார்.

நல்ல செய்தி இருக்கிறது. மானைக் கண்டேன். சனிக்கிழமை ஆற்றுக்கு அப்பால், பனிக்குள் புல் கிளறிக்கொண்டு நின்றது. பின்தொடையில் வடு, அதில் மயிர் முளைக்கவில்லை. கொஞ்சம் நொண்டுகிறது. மற்றப்படி சுகம். வில்லு என் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டேன். அது என்னைப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தின்றது. வோல்டரிடம் சொன்னேன், இனி நீ இறங்கலாம் என்றார்.

அந்தக் குரலைப் பற்றிக் கேட்பீர்கள். அது நின்றுவிட்டது. தீபாவளிக்குக் கொஞ்சம் முதல், வழக்கம்போலப் பின்னேரம், "வா வீட்டை போவம்" என்றது. உங்கள் கடிதம் அப்போது வரவில்லை, இருந்தாலும் நான் வாய் திறக்கவில்லை. பிறகு அதே மரங்களுக்குள் இருந்து, "சரி, போட்டு வாறன்" என்று விடைபெறுகிற மாதிரிக் கேட்டது. அது உங்கள் குரல் இல்லை அப்பா. என்னுடைய குரல். அதற்குப் பிறகு காடு அமைதியாகிவிட்டது. குதிரைகள்கூட இப்போது படுத்து உறங்குகின்றன. சொன்னால் சிரிப்பீர்கள், முதல் இரண்டு நாளும் எனக்குத் தனிமையாக இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் முகாமைக் கலைக்கிறோம். நான் கல்கரியில் சாமான்களை எடுத்துக்கொண்டு, 16ஆம் திகதி சனிக்கிழமை மத்தியானம் ஹீத்ரோ வந்து இறங்குகிறேன். இந்தத் தரம் உண்மையாக. லூயிஷாம் பல் வைத்தியரைப் பிறகு பார்க்கலாம், முதலில் அம்மாவின் நண்டுக் கறி.

நீங்கள் ஏன் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை? குதிரை வந்ததும் மூன்று நாலு கடிதம் இருக்கும் என்று பார்த்தேன். சுகம்தானே?

அன்புடன்,
ஜெரோ


ரெய்னர்ஸ் லேன்
3 டிசம்பர் 2023

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். எழுத வேண்டி இருக்கவில்லை தம்பி. நீ நவம்பர் பத்தாம் திகதி வீட்டுக்கு வந்துவிட்டாய்.

வெள்ளிக்கிழமை, மத்தியானம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தா. பெல் அடித்தது. கதவைத் திறந்தால் நீ. "வந்திட்டன் அப்பா" என்றாய். பை இல்லை. எயர்லைன்காரன் தொலைத்துவிட்டானாம். அன்று லண்டனில் மழை இல்லை, உன் சப்பாத்து நனைந்திருந்தது. அம்மா மீன் கையோடே கட்டிப்பிடித்து அழுதா. நானும் அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

தீபாவளிக்குப் புது சேட்டுப் போட்டாய். அம்மா விரதம் தொடங்க முதலே பலன் கிடைத்துவிட்டதாம், இருந்தாலும் நன்றிக்கென்று ஆறு நாளும் பிடித்தா. அவ முகத்தை நீ பார்க்க வேண்டும். எழுதிவிட்டு யோசிக்கிறேன், நீ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

என்ன குறை என்று கேட்டால் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பிரச்சினை. நான் கீழே நின்று நாலு தரம் கத்தி, கடைசியில் வை-ஃபையை நிறுத்தினால்தான் முன்பு நீ சாப்பிட இறங்குவாய். இப்போது "தம்பி" என்று நான் சொல்லி முடிக்க முதல் "ஓம் அப்பா" என்று படியில் நிற்கிறாய். கோப்பை கழுவுகிறாய். போன் வாங்கித் தரவா என்றால் வேண்டாம் என்கிறாய். உன் தமிழ் நன்றாகிவிட்டது. நான் ஒரு கதை சொன்னால் மறுநாள் அம்மாவுக்கு அதே கதையை அதே இழுப்போடு சொல்கிறாய், நான் தொண்டையைச் செருமிய இடத்தில் செருமுகிறாய். காலையில் பின்வளவில் நின்று, காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நிற்கிறாய். நவரத்தினம் அண்ணை நாயை முன்பக்கத்தால் மட்டும் கொண்டுபோகிறார்.

"இப்பதான் எங்கட பிள்ளை மாதிரி இருக்கிறான்" என்று அம்மா நேற்றுக் காலையும் சொன்னா.

உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில், நீ திகதியைப் பிழையாகப் போட்டிருக்கிறாய், பழைய கடிதம் பிந்தி வந்திருக்கிறது என்று நினைத்தேன். திகதியை மாற்றலாம், தொப்பியை என்ன செய்வது. மூன்றாம் திகதி நான் போட்ட தொப்பி ஒரு கிழமைக்குள் மலை ஏறி இருக்காது. அம்மாவிடம் சும்மா கேட்கிற மாதிரி, "பார்சலுக்குள்ள வேற என்னவும் வச்சனியோ?" என்று கேட்டேன். "திருநீறு கொஞ்சம் வச்சனான். உங்களுக்குச் சொன்னால் பகிடி பண்ணுவியள்" என்றா. எனக்கே தெரியாத பொட்டலம் அது. உனக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு மேசையில் வைத்து, "கனடாவில அம்மான்ர தொப்பி கிடைச்சதோ தம்பி?" என்று கேட்டேன். "இல்லை அப்பா, நான் வெளிக்கிட்டாப் பிறகு வந்திருக்கும்" என்றாய். சரியான பதில். ஒரு பிழையும் இல்லை. சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னாய்.

வோல்டரின் நகரத்து ஒப்பீஸ் நம்பர் என்னிடம் இருக்கிறது. போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அடித்தால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலோடு நான் இந்த வீட்டுக்குள் நடமாட வேண்டும், அம்மாவுக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வானிலை அறிக்கையையே ஒழுங்காக வாசிக்கத் தெரியாதவன் நான்.

பதினாறாம் திகதி வருகிறேன் என்கிறாய். வராதே என்று எழுத எனக்குக் கை வராது. வா என்று எழுதினால் உன்னை எந்த அறையில் படுக்க வைப்பது? இந்தக் கடிதம் குதிரை ஏறி உன்னிடம் வருமோ, நீ அதற்குள் இறங்கிவிடுவாயோ தெரியாது. ஹீத்ரோவுக்கு நான் தனியாக வருவேன். வெளியே வந்ததும் என்னைக் கூப்பிடாதே. பேசாமல் நில். நானாக உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று அங்கே நின்று யோசிப்போம். ஒன்று மட்டும், கூப்பிட்டது நான். வந்த ஆளை வாசலில் வைத்துக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

குசினி மேசையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அம்மா மேலே குளிக்கிறா. இவ்வளவும் எழுதி வரும்போது படியில் சத்தம் இல்லாமல் அவன் வந்து நின்றுகொண்டு, "ஆருக்கப்பா கடிதம் எழுதிறியள்?" என்று கேட்டான்.

"கனடாவில ஒரு ஆளுக்கு" என்றேன்.

எட்டிப் பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு. கேத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டு, எனக்கொரு கோப்பை, தனக்கொரு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, "நானும் சுகம் கேட்டதா எழுதிவிடுங்கோ" என்றான்.

எழுதிவிட்டேன். 'உனக்குத்தான் எழுதுகிறேன், தம்பி' என்று அவனிடம் சொல்லவில்லை.